கடலடியில் ஒரு பகல்

திருமண வெள்ளிவிழாத் திருப்பலிக்கு நாள் குறிக்க வரும் தம்பதியரிடம் நாம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நீங்கள் இருவர் மட்டுமாய் எங்கெங்கே போயிருக்கிறீர்கள்?" என்பதே அது. கேட்டவுடன் கணவர் மனைவியைப் பார்ப்பார். மனைவி தரையைப் பார்ப்பார். பிறகு மெல்லப் பட்டியல் வரும். பிள்ளைக்கு முடி இறக்க வேளாங்கண்ணி; நேர்ச்சை செலுத்தப் புளியம்பட்டியும் உவரியும்; மாமியாரின் கண் அறுவைக்கு நாகர்கோவில்; உறவினர் வீட்டுத் திருமணங்கள்; துக்க வீடுகள். "இருவர் மட்டுமாய்" என்ற சொல்லை மறுபடியும் அழுத்திச் சொன்னால், "அப்படி எதற்குச் சாமி?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். நம் கடற்கரைப் பங்குகளில் கணவனும் மனைவியும் ஓரிடத்தில் சேர்ந்தமர்ந்திருப்பதைக் காண்பதே அரிது. ஆலயத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். அவர் வின்சென்ட் தே பவுல் சபையில் இருப்பார். இவர் மரியாயின் சேனையில் இருப்பார். அன்பியக் கூட்டம் என்றால் பெண்கள் உள்ளே அமர்ந்து செபமாலை சொல்ல, ஆண்கள் வாசலில் நின்று டீசல் விலை பேசுவார்கள். திருமணத்தன்று பீடத்தின்முன் அடுத்தடுத்து முழந்தாளிட்டவர்கள் மறுபடியும் அவ்வாறு அருகருகே முழந்தாளிடுவது வெள்ளிவிழாவன்றுதான் என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் குறைவு.

இவ்வாறு 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் நம்மிடம் வந்த ஒரு தம்பதியரைப் பற்றியே இக்கட்டுரையில் எழுதப் புகுந்தோம். அவர்களுடைய பெயரும் ஊரும் வேண்டா. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையைச் சேர்ந்தவர்கள் என்று மட்டும் கொள்க. இங்கே நாம் எழுதுபவை ஒப்புரவு அருட்சாதனத்தில் செவியுற்றவை அல்ல. இருவரும் குருமனைத் திண்ணையில் அமர்ந்து தாமாகவே சொன்னவை. "எழுதுங்க சாமி, நாலு பேர் படிக்கட்டும்" என்று அந்த அம்மையாரே இசைவும் தந்தார்.

கணவர் ஆழ்கடலுக்குச் செல்பவர். 'தங்கல்' தொழில் என்பார்கள். விசைப்படகில் பத்துப் பதினைந்து பேராய்ப் புறப்பட்டால் கரை திரும்ப இருபது நாள் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். ஆயிரங்கால் தூண்டில் இட்டுச் சூரையும் சுறாவும் பிடிப்பவர்கள் அவர்கள். மனைவி கரையில் இருப்பவர். பிள்ளைகள் இருவர், மூத்தவள் சென்னையில் ஒரு மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிகிறாள், இளையவன் அப்போது கல்லூரியில் படித்துக் கொண்டிருந்தான்.

மேற்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஜூன் முதல் நாள் தொடங்கி ஜூலை 31 வரை, 61 நாள்கள், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதை நம் வாசகர்களில் பலர் அறிவர். மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று அரசு வகுத்த ஓய்வு அது. மீனுக்கு ஓய்வு, மீனவனின் இல்லத்துக்கோ பெரும்பாலும் ஓய்வன்று. கையில் காசு இராது. பள்ளிக் கட்டணமும் சீட்டுப் பணமும் ஒருசேர வந்து நிற்கும். மாதக்கணக்கில் கடலில் கிடந்த மனிதர் திடீரெனப் பகலெல்லாம் வீட்டில் இருப்பார். அவருக்கும் வீட்டில் என்ன செய்வதென்று தெரியாது. வீட்டாருக்கும் அவரை என்ன செய்வதென்று தெரியாது. குடும்பத் தகராறு என்று நம்மிடம் வரும் வழக்குகளில் பெரும்பகுதி இந்த இரண்டு மாதங்களில் வருபவையே.

இந்த ஓய்வுக் காலத்தைக் கருதித்தான் மகள் ஏற்பாடு செய்திருந்தாள். பெற்றோரின் வெள்ளிவிழாவுக்குப் பட்டுப் புடவையோ மோதிரமோ வாங்காமல், சென்னைக்குச் செல்ல இரயில் சீட்டும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இஞ்சம்பாக்கத்தில் உள்ள 'வி.ஜி.பி. மரைன் கிங்டம்' என்னும் கடல்வாழ் உயிர்க் காட்சியகத்துக்கு இரண்டு நுழைவுச் சீட்டும் வாங்கி அனுப்பிவிட்டாள். தானும் உடன் வரப்போவதில்லை என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். கெட்டிக்காரப் பெண்!

கணவருக்கு இது சிறிதும் பிடிக்கவில்லை. "கடலிலே கிடக்கிறவனுக்குக் கடலைக் காட்டக் காசா சாமி? வேண்டுமானால் நான் இவளைப் படகில் ஏற்றிச் சும்மா காட்டுகிறேனே" என்றார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவர் மறுத்ததும் இல்லை, மகிழ்ந்ததும் இல்லை. அந்த மௌனத்தின் காரணம் நமக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது.

2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒக்கி புயல் குமரிக் கடலில் எழுந்தது. அந்நாள், பேதுருவின் உடன்பிறந்தாரும் மீனவருமான அந்திரேயாவின் திருநாள் என்பதை அதன்பிறகு நம் கரையில் எவரும் மறந்ததில்லை. பல நாள்களுக்கு முன்பே ஆழ்கடல் சென்றிருந்தவர்களை எச்சரிக்கை எட்டவில்லை. குமரி மாவட்டத்து மீனவருள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கரை திரும்பவில்லை. திரும்பியவர்களோ இலட்சத்தீவிலும் மராட்டியக் கரையிலும் குஜராத்திலும் ஒதுங்கி, நாள்கள் கழித்து வந்து சேர்ந்தார்கள். அந்த அம்மையாரின் கணவர் திரும்பினார். வேறொரு படகில் சென்றிருந்த அவருடைய ஒரே தம்பி திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

கல்லறை இல்லாத இறப்பு எத்தகையது என்பதை நம் கடற்கரையார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. நவம்பர் இரண்டாம் நாள் எல்லாரும் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றும்போது, அதை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்தபடியே நிற்கும் பெண்கள் உண்டு. ஒரே வீட்டில் ஒருவர் மீண்டு வந்த மகிழ்ச்சியும் மற்றவர் மறைந்த துயரமும் ஒருசேர நுழைந்துவிட்டால், எதற்கும் வாய்விட முடியாது. கணவர் பிழைத்து வந்ததற்கு நன்றி சொன்னால் தம்பிக்குத் துரோகம் செய்ததாகத் தோன்றும். தம்பிக்காக அழுதால் எதிரே அமர்ந்திருப்பவர் தலைகுனிவார். அந்த அம்மையார் அன்று முதல் கடற்கரைக்குச் செல்வதை நிறுத்தினார். கடலைப் பார்த்த வாசற்கதவைச் சாத்திவிட்டுப் பின்வாசலையே புழங்கினார். கணவர் தொழிலுக்குச் சென்றார், வந்தார். கடலைப் பற்றி மனைவி கேட்டதில்லை. கணவர் சொன்னதும் இல்லை. ஆறாண்டுகளாக அவ்வீட்டில் பேசப்படாத ஒரே பொருள் அவர்களுக்குச் சோறு போட்ட கடல்தான்.

எனினும் சென்றார்கள். மகள் பணம் கட்டிவிட்டாளே, அது வீணாகிவிடுமே என்பதுதான் இறுதியில் இருவரையும் புறப்பட வைத்த காரணம். சிக்கனம் சில வேளைகளில் அருளின் கருவியாகிவிடுகிறது.

அவ்வாண்டு செப்டம்பரில் சென்னையில் நடைபெற்ற ஒரு கூட்டத்துக்குச் சென்ற நாம், அரைநாள் ஓய்வு கிடைக்கவே, அவ்விடத்தை நேரில் பார்த்துவர விழைந்தோம். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் இஞ்சம்பாக்கம். நாம் சிறுவராயிருந்த நாள்களில் 'கோல்டன் பீச்' என்று திரைப்படங்களில் கண்டு வியந்த பொழுதுபோக்குப் பூங்காவும் அதனருகேதான் உள்ளது. கடற்காட்சியகம் 2019இல் திறக்கப்பட்டது. உள்ளே நுழைந்தவுடன் கடல் வருவதில்லை. முதலில் மழைக்காடு, அடுத்து மலையிடுக்கு, பிறகு அலையாத்திக் காடு, கரையோரம் என்று ஒவ்வொன்றாய்க் கடந்து, ஆற்றுநீர் கடலை அடையும் வரிசையிலேயே ஆழ்கடல் வரை அழைத்துச் செல்கிறார்கள். அமைத்தவர்களுக்கு நல்ல சிந்தனை.

மழைக்காட்டுப் பகுதியில் அமேசான் ஆற்றின் 'அரபைமா' என்னும் பெருமீனைக் கண்டோம். மீனாயிருந்தும் அது நீரில் கரைந்த காற்றை மட்டும் நம்பி வாழ முடியாதது; பத்து இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து வாய் திறந்து மூச்சு வாங்குகிறது. குஞ்சுகளைக் காத்து உடன் நீந்துவது ஆண் மீன். கரையோரப் பகுதியில் கடற்சாமந்தியின் நச்சு விரல்களுக்கிடையே அச்சமின்றி வாழும் கோமாளி மீன்கள். இவற்றிலும் முட்டைகளுக்கு விசிறிக் காற்று வீசுவதுபோல் துடுப்பை அசைத்து, பொரியும் வரை காவல் இருப்பது தகப்பன்தான். நம் பங்கின் தந்தையருள் சிலரை இந்தத் தொட்டியின் முன்னே சற்று நேரம் நிறுத்தி வைக்கலாம் என்று தோன்றிற்று.

அத்தனை உயிர்களையும் கரையில் வைத்துக் காப்பது எளிய காரியமன்று. கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அது கூடவும் ஆகாது, குறையவும் ஆகாது. மீன்கள் வெளியிடும் கழிவில் உள்ள அமோனியா தேங்கினால் அவை மடிந்துபோகும். வடிகட்டிகளில் குடியிருக்கும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும் பின்பு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. பார்க்க வருவோர் சுறாவைப் பார்க்கிறார்கள். சுறா உயிரோடிருப்பது இந்த அற்ப உயிர்களால் என்பதை எத்தனை பேர் எண்ணுகிறார்கள்?

நம் தம்பதியரிடம் மீள்வோம். முதல் அரைமணி நேரம் கணவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, விருப்பமின்றி நடந்தாராம். ஆற்றுமீன்களைப் பற்றி அவருக்கு அக்கறையில்லை. கடல்மீன் தொடங்கிய இடத்தில்தான் ஆள் மாறினார். களவாயைக் கண்டார், பாரையைக் கண்டார், பாறையிடுக்கில் தலைநீட்டும் அஞ்சாலையைக் கண்டார். அவர் இதுகாறும் கண்டவை தூண்டிலில் துடிப்பவையும் பனிக்கட்டியில் கிடப்பவையுமே. "உயிரோடு இது இப்படியா திரும்பும்!" என்று உரக்கச் சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன், "அங்கிள், இது கடிக்குமா?" என்று கேட்டான். அஞ்சாலை எப்படிக் கடிக்கும், கடித்தால் ஏன் விடாது, களவாய் பெண்ணாய்ப் பிறந்து வளர்ந்து பிறகு ஆணாய் மாறுவதாகப் படித்தவர்கள் சொல்கிறார்களே, அது தம் அனுபவத்தில் எவ்வாறு பொருந்துகிறது, எந்தப் பாரில் எந்த மாதத்தில் எது கிடைக்கும் என்றெல்லாம் விளக்கத் தொடங்கினார். சிறுவனின் பெற்றோர் நின்றார்கள். மற்றொரு குடும்பமும் நின்றது. ஊழியர் ஒருவரும் வந்து, "ஐயா எந்த ஊர்?" என்று விசாரித்தாராம்.

அந்த அம்மையார் இதைச் சொல்லும்போது அவருடைய குரலே மாறிற்று. "இருபத்தைந்து வருசம் இவருக்குச் சோறு வடித்திருக்கிறேன் சாமி. இவருக்கு இவ்வளவு தெரியுமென்று எனக்குத் தெரியாது. வீட்டில் வந்தால் தூங்குவார், சாயா கேட்பார், மறுபடியும் போய்விடுவார். அங்கே நாலு பேர் இவரிடம் 'சார்' என்று கேட்டுக் கேட்டு நிற்கிறார்கள்."

கணவர் கரையில் கிடக்கும் வேளையை மட்டுமே கண்ட மனைவி அவர். எந்த விண்மீனைக் கண்டு திசை அறிவார், எந்த நீரோட்டத்தில் தூண்டில் இடுவார், பதினைந்து பேரின் உயிரை எந்தச் சொல்லால் நடத்துவார் என்பதொன்றும் கரைக்கு வருவதில்லை. மனைவியின் பாடு மட்டும் கணவருக்குத் தெரியுமா? வட்டிக்காரருக்கு அவர் சொல்லும் பதில், இரவில் காற்று மாறினால் அவர் எழுந்து அமர்வது, இவையும் கடலுக்குப் போவதில்லை. இவ்வாறு பாதி மனிதரும் பாதி மனிதருமாய் வாழும் இல்லங்கள் கடற்கரையில் மட்டும் இல்லை. வளைகுடாவுக்குச் செல்லும் கணவர், இரவுப்பணி பார்க்கும் செவிலி என்று உள்நாட்டுப் பங்குகளிலும் உண்டு.

அதன்பின் வந்தது சுரங்கப்பாதை. தலைக்கு மேலும் இருபுறமும் நீர். நடுவே நடந்து செல்லும் வழி. சுவர் கண்ணாடியன்று, 'அக்ரிலிக்' என்னும் தடித்த ஒளிபுகும் பிளாஸ்டிக்கை வளைத்து அமைத்தது. வளைவினால் மீன்கள் உள்ள அளவினும் சற்றுச் சிறியனவாகவே தோன்றும். சுறா ஒன்று மேலே கடந்தபோது, "இது இதைவிடப் பெரிசு, கண்ணாடி ஏமாற்றுது" என்று கணவர் உடனே கண்டுபிடித்துவிட்டாராம். பிறகு அது மறுபடியும் சுற்றிவந்து அவர் முகத்துக்கு நேரே சென்றபோது பேச்சு நின்றுவிட்டது. எத்தனையோ சுறாவைத் தூக்கிப் படகில் போட்ட கை அது. "அதன் கண்ணை நான் பார்த்ததே இல்லை சாமி" என்றார் நம்மிடம்.

மனைவி வாயிலிலேயே தயங்கி நின்றார். கடலைக் காணவே அஞ்சியவர் கடலுக்கு அடியில் நடக்க வேண்டும். பின்னால் வந்தவர்கள் நெருக்கவே, நாலுபேர் காண அதுவரை செய்திராத காரியமாகக் கணவரின் கையைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தார். திருக்கை ஒன்று அவர்களின் தலைக்கு நேர்மேலே வெண்ணிற வயிறு தெரிய மெல்லக் கடந்தது. அவர் அண்ணாந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "அடியில் இப்படித்தான் இருக்குமா?"

அவர் கேட்டது மீனைப் பற்றியன்று என்பது கணவருக்கு விளங்கிற்று. ஆம், இப்படித்தான், அழகாகத்தான் இருக்கும் என்று ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். அவர் அவ்வாறு சொல்லவில்லை. "இல்லை. அவ்வளவு ஆழத்தில் வெளிச்சம் கிடையாது" என்றார். இருநூறு மீட்டருக்குக் கீழே கதிரவனின் ஒளி அரிதாகவே எட்டும். ஆயிரம் மீட்டருக்குக் கீழே அறவே இல்லை. மனைவி தலையசைத்தார். ஆறாண்டுகளில் கடலைப் பற்றி அவருக்குக் கிடைத்த முதல் உண்மையான பதில் அது.

வெளியே வந்து ஒரு நிழலில் அமர்ந்தார்கள். அங்கேதான் கணவர் சொன்னார். 29ஆம் நாள் பின்னிரவில், காற்றுக் கூடத் தொடங்கியபோது, மைத்துனரின் குரல் கம்பியில்லாக் கருவியில் கேட்டிருக்கிறது. "அத்தான், இங்கே காத்துக் கூடுது. தூண்டில் முழுக்க வெளியே கிடக்கு. வாங்கிட்டு வாறோம்." இவர், "சரி, வாங்கிட்டு வா" என்று சொல்லிவிட்டார். அதன்பின் இரைச்சல்தான். 'அறுத்துவிட்டு வா' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஒருமணி நேரமோ இரண்டுமணி நேரமோ மிச்சமாகியிருக்கும். அந்த ஒரு சொல்லை ஆறாண்டுகளாக ஒவ்வோர் இரவும் கடலில் தமக்குள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார், மனைவியிடம் சொல்ல அஞ்சி.

ஆயிரங்கால் தூண்டில் என்பது பல கிலோமீட்டர் நீளம். அதை அறுப்பது என்பது ஒரு குடும்பத்தின் முதலை அறுத்துக் கடலில் விடுவது. புயலின் வலிமையை அறியாத எந்தத் தொழிலாளியும் அவ்விரவில் அதைச் செய்திருக்க மாட்டான். இதை நாம் கரையில் அமர்ந்து எடுத்துச் சொல்வது எளிது. அந்த அம்மையார் சொன்னதே பெரிது. வெகுநேரம் அழுதுவிட்டு அவர் சொன்னாராம்: "நீங்க சொல்லியிருந்தாலும் அவன் அறுத்திருக்க மாட்டான். அந்தத் தூண்டில் கடனுக்கு வாங்கினது. எனக்குத் தெரியும், நான்தானே வளையலைக் கொடுத்தேன்." கணவருக்கு அந்த வளையல் கதை அன்றுவரை தெரியாது. தம்பிக்கு உதவியதை அவர் கணவரிடம் மறைத்திருந்தார். மறைத்த அந்த வளையலும் ஆறாண்டுகளாக அவர் நெஞ்சில் கிடந்திருக்கிறது.

இதை அவர்கள் வீட்டிலேயே பேசியிருக்கலாகாதா என்று வாசகர் கேட்கலாம். வீட்டில் பேச இயலாது. நாம் பல இல்லங்களில் கண்டிருக்கிறோம். வீட்டில் சுவரில் தம்பியின் படம் மாலையிட்டுத் தொங்குகிறது. அடுத்த அறையில் வயது முதிர்ந்த தாய். வாசலில் அண்டை வீட்டார். அடுப்பில் உலை. ஆலயத்துக்கு வந்தால் ஆளுக்கொரு பக்கம். திருயாத்திரை சென்றால் பேருந்து நிறையச் சுற்றமும் செபமாலையும். செபமாலை வேண்டாம் என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளற்க! ஆனால் இருவர் முகத்தோடு முகம் பார்க்க ஓர் இடமும் ஒரு நாளும் வேண்டும். அங்கே அவர்களை எவரும் அறிந்திருக்கக் கூடாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில் ஓய்வையும் பயணத்தையும் மனிதரைப் பண்படுத்தும் நன்மைகளாகவே எண்ணிப் பேசுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் எழுதிய 'அன்பின் மகிழ்வு' மடலிலோ, தம்பதியர் அவசரமின்றி ஒருவர் பேச மற்றவர் கேட்க நேரம் ஒதுக்க வேண்டும் என்றும், சேர்ந்து பொழுதுபோக்கத் திட்டமிட வேண்டும் என்றும் வெளிப்படையாகவே அறிவுறுத்துகிறார். நம் பங்குகளில் அம்மடலைக் குறித்து வகுப்பு நடத்தினோம். திட்டமிட்டவர்கள் எத்தனை பேர்?

திருமறையிலும் இதற்குச் சான்று இல்லாமல் இல்லை. பேதுரு மணமானவர், அவருடைய மாமியாரை ஆண்டவர் குணமாக்கியதை மாற்கு எழுதுகிறார். ஆனால் மனைவியைப் பற்றி நற்செய்தியில் ஒரு சொல்லும் இல்லை. மீன்பிடித்த நாள்களில் அவர் எப்போதும் கரையில்தான் இருந்திருப்பார். பிற்காலத்தில் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போதுதான் கேபா தம் மனைவியை உடன் அழைத்துச் செல்வதைக் குறிப்பிடுகிறார். படகில் ஏற்றாத மனைவியைப் பயணத்தில் ஏற்றிக்கொண்டார். தோபித்து நூலிலோ, திகிரிசு ஆற்றில் பிடித்த ஒரு மீன் புதுமணத் தம்பதியரின் அச்சத்தையும் அகற்றுகிறது, முதியவரின் கண்ணையும் திறக்கிறது.

நம் பங்கின் இளைஞர் ஒருவர் வேறொரு கேள்வி எழுப்பினார்: "உயிர்களைத் தொட்டியில் அடைத்து வேடிக்கை பார்ப்பது முறையா ஃபாதர்?" இது தட்டிக்கழிக்கத்தக்க கேள்வியன்று. இத்தகைய கடற்பூங்காக்களின் தொடக்கம் 1938இல் அமெரிக்காவின் புளோரிடாவில் திறக்கப்பட்ட ஒரு நீர்க்காட்சியகம் என்பர். திரைப்படம் எடுப்பதற்கென்று அமைத்தது அது. 1964இல் சான் டியாகோவில் 'சீ வேர்ல்டு' தொடங்கியபின் கொலைத்திமிங்கிலங்களை ஆட்டுவித்துக் காட்டும் வழக்கம் பெருகிற்று. எதிர்ப்பு வலுத்ததால் 2016இல் அந்நிறுவனம் அவற்றை இனப்பெருக்கம் செய்விப்பதைக் கைவிட்டது. நம் நாட்டில் 2013ஆம் ஆண்டிலேயே, ஓங்கல்களை அடைத்து வித்தை காட்டும் நிலையங்களுக்கு நடுவண் அரசு இடமளிக்கவில்லை. இது நமக்குப் பெருமை. ஓங்கல் கூட்டமாய் வாழும் அறிவுள்ள உயிர். அதைப் பந்து தூக்க வைப்பது அதற்கும் இழிவு, நமக்கும் இழிவு. தொட்டியில் நீந்தும் பாரைக்கும் இதே அளவுகோலை வைக்க நமக்கு மனம் வரவில்லை. அதைத் தின்பவர்கள் நாம். ஆயினும் கூட்டத்துக்குள் நின்று பார்த்தபோது, பிள்ளைகள் அக்ரிலிக் சுவரைக் கையால் தட்டுவதும் பெற்றோர் செல்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி மீனைப் பாராமலே நடந்து செல்வதும் நமக்கு வருத்தம் தந்தன. பணம் கொடுத்து வந்தவர்கள் பார்க்கவாவது வேண்டாமா?

அன்றைய பகலின் மிச்சத்தை அவர்கள் எவ்வாறு கழித்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். உணவகத்தில் மீன் வறுவலின் விலையைப் பார்த்த கணவர், நம் ஊரில் அந்த விலைக்கு முழு மீனே வாங்கலாம் என்று சினந்து, எலுமிச்சைச் சோறு வாங்கித் தந்தார். பக்கத்துப் பூங்காவுக்கும் சென்று இராட்டினம் ஏறினார்கள். கடலில் ஆளுயர அலைக்கு அஞ்சாதவர் உச்சியில் கண்ணை மூடிக்கொண்டார். மனைவியோ கீழே தெரிந்த கடலைத் திறந்த கண்ணால் பார்த்தார். 1998இல், மணமான புதிதில் சென்னையில் உறவினர் வீட்டுக்கு வந்தபோது, இதே பூங்காவுக்கு இருவரும் வந்திருந்தார்கள். சிலைபோல் அசையாமல் நிற்கும் காவலரைச் சிரிக்க வைக்கக் கணவர் அன்று என்னென்னவோ செய்து பார்த்தாராம். காவலர் சிரிக்கவில்லை, புதுமணப் பெண்தான் சிரித்துச் சிரித்துக் களைத்தாள். இதை அம்மையார் சொல்ல, அவர் வெட்கப்பட்டு மீசையைத் தடவிக்கொண்டார். நாம் முதலில் கேட்ட கேள்விக்கு அவர்கள் மறந்துவிட்டிருந்த விடையும் அதுதான்.

அவ்வாண்டு நவம்பர் 30 அன்று மாலை, கடற்கரையில் நினைவுத் திருப்பலி நிறைவேற்றினோம். அந்த அம்மையார் வந்தார். திருப்பலிக்குப்பின் கணவரை அழைத்து, "குரல் கேட்டது எந்தத் திசையில்?" என்று கேட்டார். அவர் மேற்கே சற்றுத் தெற்காகக் கை நீட்டினார். மெழுகுதிரியை அத்திசை நோக்கி மணலில் ஊன்றிவிட்டு, காற்று அணைக்காதபடி இருவரும் இருபுறமும் அமர்ந்துகொண்டார்கள்.

வருகிற தடைக்காலத்தில் நம் பங்கிலிருந்து தம்பதியர் மட்டும் இவ்வாறு ஒருநாள் சென்றுவர ஏற்பாடு செய்துள்ளோம். பேருந்தில் செபமாலை ஒருமுறை. அதன்பின் ஒலிபெருக்கி கிடையாது. இறங்கியபின் கூட்டமாய்ச் சுற்றக் கூடாது. இருவர் இருவராய்ப் பிரிந்து சென்றுவிட்டு, மாலை ஆறு மணிக்குப் பேருந்துக்கு வந்தால் போதும். பணம் மாதந்தோறும் சிறுகச் சிறுகக் கட்டலாம். இதுவரை பதினேழு தம்பதியர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளையும் அழைத்து வரலாமா என்று மூவர் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.